இங்கிலாந்து ரக்பி லீக் சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர் லீக் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்பது இது: "இதற்குக் கீழே என்ன இருக்கிறது? அங்கே ஜெயித்தால் மேலே வரலாமா?" முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதற்கான பதில் 1902 முதல் மாறிக்கொண்டே இருக்கிறது. சாம்பியன்ஷிப்பின் வரலாறு என்று தனியாக எதுவும் இல்லை. அந்தப் பதில் மாறிய கதையே அதன் வரலாறு.

சாம்பியன்ஷிப் என்பது எது?

இங்கிலாந்தில் ஆடப்படும் தொழில்முறை ரக்பி லீக்கின் இரண்டாம் பிரிவு. அதற்கு மேலே சூப்பர் லீக். நடத்துவது ரக்பி ஃபுட்பால் லீக் என்ற அமைப்பு. அணிகளில் பெரும்பாலானவை யார்க்‌ஷயர், லங்காஷயர், கம்பிரியா பகுதிகளின் சின்னச் சின்ன ஊர்களைச் சேர்ந்தவை. பழைய சுரங்க ஊர்கள், துணி ஆலை ஊர்கள், துறைமுகங்கள். வெளியிலிருந்து லண்டன் போன்ற ஒன்றிரண்டு அணிகள் உண்டு. பிரான்ஸின் டூலூஸ் பல வருடம் இங்கேதான் ஆடியது.

கால்பந்திலும் இரண்டாம் பிரிவுக்கு சாம்பியன்ஷிப் என்றுதான் பெயர். ஆனால் அங்கே முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் பிரீமியர் லீக்குக்கு நேராக ஏறிவிடலாம். இங்கே விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

ரக்பி என்றால் இலங்கைப் பள்ளிகளில் ஆடுவார்களே, அதுதானே?

இல்லை. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். உலகக் கோப்பை என்று தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்படுவதும் அதுவே.

ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு. ஒவ்வொரு முறை மடக்கப்பட்டதும் வீரர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஆறாவது டேக்கிளில் மாட்டினால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது ட்ரை; அதற்கு 4 புள்ளி, அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைப்பதற்கு 2, பெனால்டி கோலுக்கு 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கு 1. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும்: ஓடி வருபவனை நாலு பேர் சேர்ந்து அமுக்குவதும், அவன் ஒரு அங்குலமாவது முன்னால் விழப் பார்ப்பதும்தான் ஆட்டத்தின் உயிர்.

இது ஏன் வட இங்கிலாந்தோடு இவ்வளவு ஒட்டியிருக்கிறது?

பிரிவினை நடந்ததே அங்கே. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே ரக்பி ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டுப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியையாவது ஈடுகட்டலாமா என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. பொழுதுபோக்கு ஆட்டத்துக்குப் பணமா என்று ரக்பி ஃபுட்பால் யூனியன் மறுத்தது. மறுத்தவர்களுக்குக் கூலிக் கவலை பெரிதாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் யூனியனை விட்டு விலகி, நார்தர்ன் யூனியன் என்ற அமைப்பைத் தொடங்கின. முதலில் அனுமதித்தது நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத்தொகை மட்டுமே. 1898-இல் வெளிப்படையாகவே சம்பளம் கொடுக்கலாம் என்றானது. ஆனால் ஆட்டக்காரருக்கு வேறு வேலையும் இருந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். 1906-இல் 15 பேர் 13 ஆனார்கள். 1922-இல் அமைப்பின் பெயர் ரக்பி ஃபுட்பால் லீக் ஆனது.

முதல் பருவத்தின் சாம்பியன் மேனிங்ஹாம் என்ற அணி. அந்தப் பெயரை இன்று தேடினால் ரக்பியில் கிடைக்காது. 1903-இல் அவர்கள் ரக்பியையே விட்டுவிட்டுக் கால்பந்துக்குத் தாவினார்கள். அதுதான் இன்றைய பிராட்ஃபோர்டு சிட்டி.

இரண்டாம் பிரிவு எப்போது தொடங்கியது?

மூன்று முறை தொடங்கியது. முதல் இரண்டும் நிலைக்கவில்லை.

1902-இல் 36 கிளப்புகளைப் பிரித்து, பிரிவுக்கு 18 என்று இரண்டாக்கினார்கள். இரண்டாம் பிரிவின் முதல் சாம்பியன் கீத்லி, அடுத்த வருடம் வேக்ஃபீல்டு டிரினிட்டி, அப்புறம் ட்யூஸ்பரி. கீழே போன கிளப்புகளுக்குக் கூட்டம் குறைந்தது, பக்கத்து ஊர்ப் போட்டிகள் போயின, பணம் வற்றியது. 1905-இல் இரண்டையும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

ஒன்றாகக் கலந்ததிலும் ஒரு கோளாறு. எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாத அளவுக்கு அணிகள் அதிகம். அதனால் ஆடிய ஆட்டங்களில் வெற்றி சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தினார்கள். 1905-06 பருவத்தில் லீ என்ற சிறிய ஊரின் அணி அந்தக் கணக்கில் சாம்பியன் ஆனது. சுலபமான எதிரணிகளோடு ஆடித்தானே வந்தார்கள் என்று முணுமுணுப்பு கிளம்ப, அடுத்த பருவத்திலிருந்து முதல் நான்கு இடங்களுக்கு பிளே-ஆஃப் வைத்தார்கள். லீயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் மறுபடி வரும்.

இரண்டாவது முயற்சி 1962 முதல் 1964 வரை. ஹன்ஸ்லெட்டும் ஓல்டமும் ஆளுக்கு ஒரு முறை பட்டம் வென்றதோடு அதுவும் கைவிடப்பட்டது. மூன்றாவது 1973-இல். 30 கிளப்புகள்: மேலே 16, கீழே 14. வருடத்துக்கு நான்கு அணி ஏறும், நான்கு இறங்கும். இது நிலைத்தது. இன்றைய சாம்பியன்ஷிப்பின் நேரடி மூதாதை இந்த 1973-74 இரண்டாம் பிரிவுதான். அதன் முதல் சாம்பியன் பிராட்ஃபோர்டு நார்தர்ன்.

நான்கு ஏறி நான்கு இறங்குவது அதிகம் என்று அப்போதே சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் ஏணி இவ்வளவு தாராளமாக இருந்த காலம் அதற்குப் பிறகு வரவில்லை.

பெரிய அணிகள் இங்கே வந்து ஆடியதுண்டா?

நிறைய. அதில் ஹல் எஃப்சியின் 1978-79 தனிக் கதை. இரண்டாம் பிரிவில் 26 ஆட்டம், 26 வெற்றி. ஒரு சமன்கூட இல்லை. கடைசி ஆட்டத்துக்கு 12,000 பேருக்கு மேல் வந்தார்கள், அதுவும் இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு. அடுத்த வருடமே, 1980-இல், அவர்கள் லண்டனின் வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியின் இறுதிக்குப் போனார்கள். எதிரே அதே ஊரின் மறுபாதி, ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். ஊரே கிளம்பிப் போனது. "கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்" என்று ஊர் எல்லைச் சாலையில் அறிவிப்பு வைத்தது இன்னும் பேசப்படுகிறது. ரோவர்ஸ் 10-5 என்று வென்றது. அவர்களின் கேப்டன் ராஜர் மில்வார்ட் தாடை உடைந்த நிலையிலேயே ஆடி முடித்தார்.

1996-இல் என்ன மாறியது?

எல்லாமே. 1995 ஏப்ரலில் ரூபர்ட் மர்டாக்கின் ஊடக நிறுவனத்தோடு ஒப்பந்தம்: ஐந்து வருடத்துக்கு 8.7 கோடி பவுண்டு. பதிலுக்குக் குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறும், சூப்பர் லீக் என்ற புதிய மேல்பிரிவு வரும். முதல் திட்டத்தில் அக்கம்பக்கத்து அணிகளை இணைப்பதும் இருந்தது. காஸில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்டு மூன்றையும் சேர்த்து கால்டர் என்று ஒரே அணி! நூறு வருடமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். இணைப்பு கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டதும் இடங்கள் சுருங்கின. முதல் பிரிவில் இருந்த 16 அணிகளில் முதல் பத்துக்கு மட்டும் சூப்பர் லீக். மீதி இரண்டு இடம் லண்டனுக்கும், புதிதாக உருவாக்கிய பாரிஸ் அணிக்கும். முதல் பிரிவின் கடைசி ஆறு அணிகள் ஒரே கையெழுத்தில் இரண்டாம் அடுக்குக்கு வந்துவிட்டன. ஃபெதர்ஸ்டோன், விட்னஸ், ஹல், சால்ஃபோர்டு, வேக்ஃபீல்டு எல்லாம் அதில் அடக்கம்.

இதில் வயிறெரிந்தவர்கள் கீத்லிக்காரர்கள். 1991-இல் கூகர்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டு, இசை, குடும்பங்களுக்கான கொண்டாட்டம் என்று ஆட்ட நாளையே திருவிழா ஆக்கியவர்கள். சூப்பர் லீக் பிறகு செய்ததை முன்னாலேயே செய்து காட்டியவர்கள் என்றுகூடச் சொல்லலாம். 1994-95-இல் இரண்டாம் பிரிவை வென்றார்கள். பழைய விதிப்படி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அதே பிரிவில் அவர்களுக்குக் கீழே நான்காவதாக முடித்த லண்டன் ஏறியது.

தலைநகரில் ஓர் அணி வேண்டும் என்ற தொலைக்காட்சிக் கணக்கு புரிகிறது. ஆனால் பருவம் முடியப்போகும் நேரத்தில் விதியை மாற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது. கீத்லி இன்றுவரை சூப்பர் லீக்கில் ஆடியதில்லை.

பெயர் ஏன் இத்தனை முறை மாறியிருக்கிறது?

1996 முதல் 1998 வரை முதல் பிரிவு என்று அழைத்தார்கள், இரண்டாம் அடுக்காக இருந்தும். 1999 முதல் 2002 வரை விளம்பரதாரர் பெயரோடு நார்தர்ன் ஃபோர்டு பிரீமியர்ஷிப். 2003 முதல் 2008 வரை நேஷனல் லீக் ஒன். 2009 முதல் சாம்பியன்ஷிப். பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

பட்டம் வென்றும் மேலே போகாத அணி கீத்லி மட்டும்தானா?

அப்படி இருந்திருந்தால் விபத்து என்று விட்டுவிடலாம்.

1998-இல் இரண்டாம் பிரிவுக்கு இறுதிப் போட்டி முறை வந்தது. வேக்ஃபீல்டு 24-22 என்று ஃபெதர்ஸ்டோனை வென்று ஏறியது. அடுத்த வருடம் ஹன்ஸ்லெட் 12-11 என்று ட்யூஸ்பரியை வென்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஹன்ஸ்லெட் பழைய பெருமை உள்ள கிளப். 1907-08 பருவத்தில் அன்றைய நான்கு கோப்பைகளையும் ஒரே வருடத்தில் அள்ளியவர்கள். ஆனால் மைதானம் உள்ளிட்ட சூப்பர் லீக் நிபந்தனைகளுக்கு ஒத்துவரவில்லை என்று இடம் மறுக்கப்பட்டது.

2000-இல் ட்யூஸ்பரியின் முறை. லீயை 13-12 என்று வென்றார்கள், மறுபடியும் ஒரு புள்ளி. மறுபடியும் மறுப்பு. இரண்டு வருடமும் சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் இருந்து தப்பித்தது ஹட்டர்ஸ்ஃபீல்டு. ஜார்ஜ் ஹோட்டல் இருக்கும் அதே ஊர். மூன்றாவது வருடமும் அவர்களே கடைசி. இந்த முறை 2001-இன் சாம்பியன் விட்னஸிடம் தகுதியான மைதானம் இருந்ததால் இறங்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே வென்று திரும்பினார்கள்.

லைசென்ஸ் காலம் என்கிறார்களே, அது என்ன?

2009 முதல் 2014 வரை ஆட்டத்தில் ஜெயித்து ஏற வழி இல்லை; 2014 கடைசியைத் தவிர இறக்கமும் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை கிளப்புகள் விண்ணப்பிக்க வேண்டும். மைதானம், நிதி, இளம் வீரர் பயிற்சி எல்லாம் பார்த்து உரிமம் தருவார்கள். ஆடுகளத்துக்கும் இதற்கும் இருந்த தொடர்பு, சாம்பியன்ஷிப் அணி விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அதற்குள் இறுதிப் போட்டிக்கு வந்திருக்க வேண்டும், அல்லது சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள அணிகளுக்கான நார்தர்ன் ரயில் கோப்பையை வென்றிருக்க வேண்டும் என்பது மட்டுமே.

2009-இல் சால்ஃபோர்டும் வேல்ஸின் கெல்டிக் குருசேடர்ஸும் சேர்க்கப்பட்டு சூப்பர் லீக் 14 அணி ஆனது. 2012-க்கு விட்னஸ் வந்தது. குருசேடர்ஸ் அதற்குள் விலகிவிட்டது. கீழே பாரோ, ஹாலிஃபாக்ஸ், ஃபெதர்ஸ்டோன், ஷெஃபீல்டு, லீ என்று வருடா வருடம் சாம்பியன்கள் வந்தார்கள், கோப்பையைத் தூக்கினார்கள், அடுத்த வருடமும் அதே பிரிவில் ஆடினார்கள். நிர்வாகங்களுக்குத் திட்டமிட நேரம் கிடைத்தது உண்மை. பார்க்கிறவனுக்கு செப்டம்பரில் படபடப்பு இல்லாமல் போனதும் உண்மை.

மில்லியன் பவுண்டு ஆட்டம் என்பது?

2015 முதல் 2018 வரை இருந்த விசித்திரமான, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பின் கடைசி ஆட்டம். இரண்டு பிரிவிலும் 12 அணிகள். பருவத்தின் முக்கால் பங்கு முடிந்ததும் 24 அணிகளையும் மூன்று எட்டுகளாகப் பிரிப்பார்கள். மேல் எட்டு சூப்பர் லீக் பட்டத்துக்கு. கீழ் எட்டு சாம்பியன்ஷிப் கேடயத்துக்கு. நடு எட்டில்தான் விஷயம்: சூப்பர் லீக்கின் கடைசி நான்கும், சாம்பியன்ஷிப்பின் முதல் நான்கும். புள்ளிகளைப் பூஜ்யமாக்கி, ஆளுக்கு ஏழு ஆட்டம். முதல் மூன்று அணிக்கு சூப்பர் லீக் இடம் உறுதி. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே ஒரு ஆட்டத்தில் மோதும். வென்றால் மேலே, தோற்றால் கீழே. இரண்டு பிரிவுக்கும் இடையில் உள்ள வருமான வித்தியாசத்தை வைத்து அதற்கு மில்லியன் பவுண்டு ஆட்டம் என்று பெயர்.

2016 அக்டோபர் 1, ஹல் நகரின் கிரேவன் பார்க். ஹல் கேஆரும் (முன்பு பார்த்த ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ்தான்) சால்ஃபோர்டும். கடைசி நிமிடங்களில் ஹல் கேஆர் 18-10 என்று முன்னிலை. சொந்த ஊர்க்காரர்கள் கொண்டாடத் தயாராகிவிட்டார்கள். சால்ஃபோர்டின் நயல் எவால்ட்ஸ் ஒரு ட்ரை போட்டார், 18-14. அதற்கான உதை தவறியது. நேரம் முடியும் தறுவாயில் கிரெக் ஜான்சன் ஓரத்தில் இன்னொன்று, 18-18. இப்போது உதைத்தால் வெற்றி. கெரத் ஓப்ரையனின் உதை மறுபடியும் தவறியது. ஆட்டம் கோல்டன் பாயின்டுக்குப் போனது: முதலில் யார் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே ஆட்டம். அதே ஓப்ரையன் வெகு தொலைவிலிருந்து ஒரு டிராப் கோல் உதைத்தார். 19-18. ஹல் கேஆர் இறங்கியது.

இவ்வளவு பேரின் பிழைப்பை ஓர் உதையில் வைப்பது நியாயமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சம்பளம் குறையப்போவது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, கிளப் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும்தான்.

கனடாவிலிருந்து ஓர் அணி வந்ததாமே?

டொரான்டோ உல்ஃப்பேக். 2017-இல் மூன்றாம் பிரிவில் தொடங்கி, அதை வென்று, 2018-இல் சாம்பியன்ஷிப்புக்கு வந்தார்கள். அந்த வருட மில்லியன் பவுண்டு ஆட்டம் டொரான்டோவிலேயே நடந்தது. லண்டன் பிராங்கோஸ் 4-2 என்று வென்றது. ஆமாம், மொத்தமே ஆறு புள்ளி. அடுத்த வருடம் டொரான்டோ ஃபெதர்ஸ்டோனை 24-6 என்று வென்று ஏறியது. நியூசிலாந்து நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸை வாங்கினார்கள். 2020-இல் கொரோனா வந்தது. பயணமும் பணமும் நின்றன. ஜூலையில் விலகிக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் அழிக்கப்பட்டன. காலியான இடத்துக்கு விண்ணப்பங்கள் வாங்கி, லீயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது மேலே போவதற்கு என்ன வழி?

ஐஎம்ஜி என்ற நிறுவனம் 2022-இல் ரக்பி லீக்கோடு 12 வருட ஒப்பந்தம் போட்டது. அதன் யோசனைப்படி ஒவ்வொரு கிளப்புக்கும் 20-க்கு மதிப்பெண். ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்திறனுக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, ஊர்ச் சமூகத்தில் உள்ள வேருக்கு 2.5. மொத்தம் 15-ம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ கிரேடு, 7.5-லிருந்து பி, அதற்குக் கீழே சி. ஏ கிரேடு என்றால் சூப்பர் லீக் இடம் உறுதி. மீதி இடங்களை மதிப்பெண் வரிசைப்படி நிரப்புவார்கள்.

கவனித்தீர்களா? ஆட்டத்தில் ஜெயிப்பதற்கு இருபதில் ஐந்துதான். அதுவும் ஒரே வருடத்து முடிவு அல்ல, பல வருடச் சராசரி.

இதன் விளைவு முதலில் தெரிந்தது லண்டனிடம். 2023 இறுதிப் போட்டியில் டூலூஸை அவர்கள் ஊரிலேயே 18-14 என்று வென்று ஏறினார்கள். அதே மாதம் வெளியான முன்னோட்ட மதிப்பெண்ணில் லண்டனுக்கு 24-ஆவது இடம். அதாவது 2024-இல் எப்படி ஆடினாலும் வருடக் கடைசியில் இறங்க வேண்டியதுதான் என்று ஏறும்போதே எல்லோருக்கும் தெரியும். இறங்கினார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த வேக்ஃபீல்டு, 2024 இறுதியில் டூலூஸை 36-0 என்று வென்றது. ஆனால் அது மதிப்பெண்ணாலும் வந்திருக்கும்.

இந்த முறையைத் திட்டுவது சுலபம். சீக்கிரம் ஏறி, கடன் வாங்கி ஆள் எடுத்து, அடுத்த வருடம் திவாலாகும் கதைகளை இந்த ஆட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. கழிப்பறைக்கும் மின்விளக்குக்கும் செலவு செய்தால் மதிப்பெண் என்பது கிளப்புகளைத் திருத்தியும் இருக்கிறது. என் குறை வேறு: சமூக வேர் என்ற தலைப்பில் சுற்றுவட்டார மக்கள்தொகையையும் பார்க்கிறார்கள். வேக்ஃபீல்டு மாவட்டத்துக்குள் மட்டும் வேக்ஃபீல்டு, காஸில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன் என்று மூன்று கிளப்புகள். ஊர் சின்னதாக இருப்பதை ஒரு கிளப் எப்படித் திருத்திக்கொள்ளும்?

2025, 2026-இல் என்ன நடந்தது?

2025-இல் யார்க் நைட்ஸ் பட்டியலில் முதலிடம். இறுதிப் போட்டி அவர்கள் மைதானத்தில். டூலூஸ் 10-8 என்று வென்றது. ஆனால் 2026-க்கு சூப்பர் லீக்கை 14 அணி ஆக்கியதால் தோற்ற யார்க்கும் வென்ற டூலூஸும் சேர்ந்தே ஏறின. கூடவே பிராட்ஃபோர்டும். சால்ஃபோர்டு இறங்கியது. கீழே சாம்பியன்ஷிப்பையும் மூன்றாம் பிரிவான லீக் ஒன்னையும் கலந்து, சுமார் இருபது அணிகள் கொண்ட ஒரே பிரிவாக்கிவிட்டார்கள். எல்லோரும் எல்லோரோடும் ஊரிலும் வெளியிலும் ஆட முடியாத பெரிய பட்டியல். 1905-இன் நிலைமையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிராட்ஃபோர்டு சூப்பர் லீக்கையே நாலு முறை வென்ற அணி அல்லவா, அது எப்படிக் கீழே இருந்தது?

1997, 2001, 2003, 2005. நான்கு பட்டம். அவர்களின் ஒட்சல் மைதானம் பெரிய பள்ளம் போன்ற இடம்; 1954 சேலஞ்ச் கோப்பை மறு இறுதிக்கு அதிகாரக் கணக்குப்படியே 1,02,569 பேர் வந்தார்கள். 2014-இல் பணச் சிக்கல், புள்ளிக் குறைப்பு, இறக்கம். 2015 மில்லியன் பவுண்டு ஆட்டத்தில் வேக்ஃபீல்டிடம் 24-16 தோல்வி. 2017 ஜனவரியில் கிளப்பே கலைக்கப்பட்டது. புதிய நிர்வாகம் மைனஸ் 12 புள்ளியோடு சாம்பியன்ஷிப்பில் தொடங்கி, மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. 2019-இல் சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பினார்கள். சூப்பர் லீக்குக்குத் திரும்ப மொத்தம் 11 பருவம் ஆனது.

ஆட்டக்காரர்கள் முழுநேரமா?

டூலூஸ் இங்கே ஆடிய காலத்தில் அதுபோன்ற சில அணிகள் முழுநேரம். பெரும்பாலானவை பகுதிநேரம்: பகலில் வேறு வேலை, வார நாட்களில் மாலைப் பயிற்சி, ஞாயிறு மதியம் ஆட்டம். 1898-இன் அந்த நிபந்தனையை இப்போது யாரும் விதிப்பதில்லை, வருமானமே விதிக்கிறது. சூப்பர் லீக் கிளப்புகள் தங்கள் இளம் வீரர்களை இங்கே கடனாக அனுப்பிப் பழக்குவதும் வழக்கம்.

வேறு கோப்பைகள் உண்டா?

2019-இல் தொடங்கிய 1895 கோப்பை. சூப்பர் லீக்குக்கு வெளியே உள்ள கிளப்புகளுக்கானது. பெயர் எந்த வருடத்தைக் குறிக்கிறது என்று மேலே பார்த்தோம். அதன் இறுதி ஆட்டம் பொதுவாக சேலஞ்ச் கோப்பை இறுதி நடக்கும் அதே நாளில் வெம்ப்ளியில் நடப்பதால், பகுதிநேர ஆட்டக்காரருக்கும் அந்தப் புல்லில் கால் வைக்கும் வாய்ப்பு. முதல் கோப்பை ஷெஃபீல்டுக்கு. 2025-இல் யார்க் 5-4 என்று ஃபெதர்ஸ்டோனை வென்றது.

சம்மர் பாஷ் என்பது கோப்பை அல்ல. ஒரு சுற்று ஆட்டங்களையெல்லாம் ஒரே மைதானத்தில் ஒரே வார இறுதியில் நடத்திய ஏற்பாடு. 2015-இல் பிளாக்பூல் கடற்கரை ஊரில் ஆரம்பித்தார்கள்.

எந்த அணியைப் பின்தொடரலாம்?

பேட்லியைச் சொல்வேன். 1897-இல் முதல் சேலஞ்ச் கோப்பையை வென்றவர்கள். அவர்களின் மவுன்ட் பிளெசன்ட் மைதானம் சமதளம் கிடையாது, கண்ணுக்குத் தெரியும்படி சரிவு. ஒரு பாதியில் மேட்டை நோக்கி ஆடும் அணி எத்தனை புள்ளிக்குள் தாக்குப்பிடிக்கிறது என்பதை வைத்தே அங்கே கணக்குப் போடுவார்கள். 2022-இல் அரையிறுதியில் ஃபெதர்ஸ்டோனை 32-28 என்று வெளியேற்றி இறுதிக்கு வந்தார்கள்.

மனதை உடைத்துக்கொள்ளத் தயார் என்றால் ஃபெதர்ஸ்டோனின் கதை. சின்ன சுரங்க ஊர். சேலஞ்ச் கோப்பையை மூன்று முறை, 1967, 1973, 1983-இல் வென்றது. சூப்பர் லீக்கில் மட்டும் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. 1998 இறுதியில் இரண்டு புள்ளியில் தோல்வி, 2021 இறுதியில் டூலூஸிடம் 34-12. 2023-இல் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டு, அரையிறுதியில் சொந்த மைதானத்தில் லண்டனிடம் தோல்வி.

ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தானா?

இல்லை. அங்கே மேல்பிரிவான என்ஆர்எல் மூடிய வட்டம். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலக் கோப்பைகள் அதற்கு ஆள் தயாரிக்கும் இடங்கள். வென்றால் ஏறலாம் என்ற பேச்சே கிடையாது.

ஏறிய அணிகள் மேலே நிலைக்கின்றனவா?

பல அணிகள் ஒரே வருடத்தில் திரும்பிவிடும். ஏறுவது உறுதியாகும்போது அக்டோபர் ஆகிவிடும்; நல்ல ஆட்டக்காரர்கள் அதற்குள் வேறு இடங்களில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். டூலூஸ் 2022-இல் ஏறி அதே வருடம் இறங்கியது. லண்டன் 2019-இலும் 2024-இலும் அப்படியே.

லீயைச் சொன்னேனே. 2005-இல் சூப்பர் லீக்குக்கு வந்து அந்த வருடமே இறங்கினார்கள். 2017-இல் வந்தார்கள், மில்லியன் பவுண்டு ஆட்டத்தில் பிரான்ஸின் கேட்டலன்ஸ் அணியிடம் 26-10 என்று தோற்று இறங்கினார்கள். 2021-இல் டொரான்டோவின் இடத்தில் வந்தார்கள், மறுபடி இறங்கினார்கள். 2022 இறுதியில் பேட்லியை 44-12 என்று வென்று நான்காவது முறை ஏறி, லெபர்ட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டபோது சிரித்தவர்கள் அதிகம். 2023 ஆகஸ்டில் வெம்ப்ளியில் லாக்லன் லாம் உதைத்த கோல்டன் பாயின்ட் டிராப் கோலில் 17-16 என்று சேலஞ்ச் கோப்பையை வென்றார்கள். இன்றும் சூப்பர் லீக்கில்தான் இருக்கிறார்கள்.

அந்த இறுதியில் தோற்ற அணி ஹல் கேஆர். 2016-இல் ஓப்ரையனின் உதையில் இறங்கி, 2017-ஐ சாம்பியன்ஷிப்பில் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். 2025-இல் அவர்கள் சேலஞ்ச் கோப்பை, பட்டியல் முதலிடம், சூப்பர் லீக் இறுதி மூன்றையும் ஒரே வருடத்தில் வென்றார்கள்.